ஏரி வற்றியதா, மேடானதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார ஞாயிறு மலரில், எங்கள் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரி வற்றுவதைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியை அதோடு சேர்த்துப் பேசிவிட்டு, "எல்லாம் பருவநிலை மாற்றம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவரோடு எனக்குப் பாதி உடன்பாடு. மீதிப் பாதி, ஏரியில் மண் சேர்ந்து தரை மேடாவதைப் பற்றியது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வெயில் கூடிவிட்டது என்பதை யார் மறுப்பது? 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. அந்த மாதம் எங்கள் தோட்டத்தில் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும். அது எல் நினோ என்னும் வறட்சிக் காலம். 2016-இல் அது மறுபடியும் வந்தது. ஏரி வற்றிச் சேறு வெடித்ததையும், ஏரி நீரை நம்பியிருக்கும் கிரியான் வயல்காரர்கள் நடவுக்குத் தண்ணீர் இல்லாமல் காத்துக் கிடந்ததையும் இந்த வட்டாரத்தில் எல்லோரும் பார்த்தோம்.

ஆனால் மிச்சிகன் கதை வேறு. 2013 ஜனவரியில் அந்த ஏரி, அளவு எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இல்லாத அளவுக்கு இறங்கியது. ஏழே வருடத்தில், 2020-இல், அந்தந்த மாதத்துக்கான உயர்ந்த அளவுகளை ஒன்றன்பின் ஒன்றாக முறியடித்துக்கொண்டு ஏறியது. இடையில் சுமார் ஆறடி வித்தியாசம். அங்கே தண்ணீர் வெளியேறும் வாயில் மதகு கிடையாது. மழை, பனி, ஆவியாகிப் போகும் நீர் ஆகியவைதான் கணக்கை முடிவு செய்கின்றன. நம்முடையது 1906-இல் கட்டி முடித்த அணை. மதகு வைத்து, இரண்டு போக நெல்லுக்கும் குடிநீருக்கும் திறந்துவிடும் தேக்கம். அளவும் சிறிது, ஆழமும் குறைவு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

இதெல்லாம் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணிக்கு, அதாவது கணக்குப்பிள்ளைக்கு, எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பேரப்பிள்ளைகளால் தெரியும்.

பள்ளி விடுமுறைக்குக் கிள்ளானிலிருந்து பேரனும் பேத்தியும் வருவார்கள். கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் வீடு போர்க்களமாகிவிடும். அதனால் இந்த ஏரியில் ஓட்ட ஒரு பழைய சம்பான் படகை வாங்கி, மூங்கிலில் பாய்மரம் நட்டு, நீலத் தார்ப்பாயை என் மனைவியின் தையல் இயந்திரத்தில் தைத்துக் கட்டினேன். (அதில் உடைந்த ஊசிகளின் எண்ணிக்கையை அவள் இன்னும் மறக்கவில்லை.) பாய் விரித்தால் மட்டும் படகு நாம் சொல்லும் பக்கம் போகாது. நடுவில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். அது இல்லையென்றால் காற்று அடிக்கிற பக்கமே படகு நழுவிவிடும். ஏரியைக் கடக்கும் ரயில் பாலத்தில் மின்சார ரயில் போகும்போதெல்லாம் பேத்தி எழுந்து நின்று கையாட்டுவாள், நான் உட்காரச் சொல்லிக் கத்துவேன். மதியக் காற்றில் போய், மேகம் கறுப்பதற்குள் கரைக்குத் திரும்பிவிடுவோம்.

போன விடுமுறையில் அந்தப் பலகை 'மடார்' என்று எதிலோ மோதியது. கீழே பார்த்தால் பழைய மரத்தின் அடிக்கட்டை. தள்ளிவிட இறங்கினேன், முழங்கால்வரை சேறு. பேரன் படகிலிருந்து எட்டிப் பார்த்து, "தாத்தா, தண்ணிய யாரு குடிச்சா?" என்றான்.

என்னிடம் ஒரு மூங்கில் கழி உண்டு. அடிக்கு ஒரு முடிச்சாகக் கயிறு கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரே கம்பத்தின் அருகில் குத்திப் பார்த்து, பழைய செக்ரோல் (ஆள் வருகைப் பதிவு) புத்தகத்தின் காலித் தாளில் எழுதி வைப்பது வழக்கம். கிராணி புத்தி, என்ன செய்வது. அந்தக் கம்பத்தில் ஏரி நிறைந்திருந்த காலத்தின் நீர்க்கோடு அழியாமல் இருக்கிறது. முதல் வருடம் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்ட நாளில், சேற்றுக்கு மேலே ஆறு முடிச்சுத் தண்ணீர் இருந்தது. இப்போது அதே கோட்டைத் தொட்டாலும் நாலரை முடிச்சுதான். மேலே தண்ணீர் அதே மட்டத்தில் இருக்கும்போது ஆழம் குறைந்தால் என்ன அர்த்தம்? தரை மேலே வந்திருக்கிறது. ஒரு கம்பத்தை வைத்து ஏரிக்கே ஜாதகம் எழுதக்கூடாதுதான். ஆனால் நீர்மட்டம் காட்டும் அளவுப் பலகை தண்ணீரின் தலையை மட்டுமே காட்டும், காலைக் காட்டாது.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும், கொஞ்சம் நானும் அனுப்பியிருக்கிறேன். தொண்ணூறுகளில், ஏரிக்கு மேற்பக்கம் நான் வேலை பார்த்த தோட்டத்தில், ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தோம். புல்டோசர் ஓடை விளிம்புவரை போனது. மண்ணைப் பிடித்துக்கொள்ளும் பயற்றங்கொடியைப் பாதி இடத்தில் விதைத்தோம், மீதிக்கு விதை பிந்தி வந்தது. அதற்குள் மழை வந்துவிட்டது. ஓடை தேத்தண்ணீர் நிறத்தில் ஓடியது. தோட்டத்துத் துரை (நிர்வாகி) கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஓடை குராவ் ஆற்றில் சேர்கிறது, குராவ் ஆறு ஏரியில் சேர்கிறது. மேற்பக்கம் நாங்கள் மட்டும் இருந்தோம் என்றும் சொல்லமாட்டேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. செம்பனைக்குத் தோட்டக் கணக்கில் ஆயுள் 25 வருடம். அன்று நட்டதெல்லாம் இப்போது மறுநடவுக்கு வருகிறது. அதே மேட்டில் மறுபடியும் மண் திறக்கிறது. ஓடைக்கரையில் எவ்வளவு காப்பு நிலம் விட வேண்டும் என்பதற்கு வழிகாட்டி விதி இருக்கிறது. 5 மீட்டர் அகலம்கூட இல்லாத ஓடைக்கே இருபுறமும் 5 மீட்டர், ஆறு அகலமாக ஆக 50 மீட்டர்வரை. அந்தக் கீற்று நிலத்தை வெட்டாமல் விட்டு, மழைக்கு முன்னால் கொடியை விதைத்தால், ஓடைக்குள் இறங்கும் மண்ணில் பெரும்பகுதி மேட்டிலேயே நிற்கும். வானத்தை நம்மால் திருத்த முடியாது, அது உலகமே கூடிச் செய்ய வேண்டிய வேலை. இது ஒரு மண்டோரும் (வேலை மேற்பார்வையாளர்) ஒரு கிராணியும் நினைத்தால் நடக்கிற காரியம்.

அப்புறம் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வறட்சியிலும் வெடித்த சேற்றைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள். அடுத்த முறை மழைக்காலத்தில், மறுநடவு நடக்கும் மேட்டுக்கு நிருபரை அனுப்புங்கள். அங்கே ஓடுகிற தண்ணீரின் நிறத்தை அச்சில் போடுங்கள். திரும்பும் வழியில் அவர் ஏரிக்கு வந்தால் கழியோடு நான் காத்திருக்கிறேன். முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். செருப்போடு வந்தால் அதைச் சேறு வாங்கிக்கொள்ளும், என்னுடையது இரண்டு ஜோடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்,
பாகான் செராய், பேராக்