கழுத்தோரம் ஒரு வாசல்

ஏற்காடு,
நவம்பர் 9

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. இங்கே விடாத மழை. துணி காயவில்லை, காப்பிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை, என் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மகன் சேலத்திலிருந்து பேரனைக் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறான். அவனால்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது.

நேற்று மழை விட்ட நேரத்தில் பின்சுவரில் ஏழெட்டு ஆப்பிரிக்க நத்தைகள். நாற்றுகளைத் தின்று தீர்க்கும் சனியன்கள் என்று வாளியோடு போனேன். ஒன்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த பேரன் திடீரென்று கத்தினான். கழிவு வால் பக்கம் வராமல் கழுத்தோரம், ஓட்டு விளிம்பின் வலப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஏன் பாட்டி என்றான். எனக்கு நம் விலங்கியல் தேர்வு ஞாபகம் வந்தது.

"நத்தையின் உடல் முறுக்கத்தை விளக்குக." நாம் இருவரும் ஓடு சுருள்வதுதான் முறுக்கம் என்று எழுதி, அழகாகப் படமும் போட்டோம். திருத்தியவர் தாராளமாக மதிப்பெண் கொடுத்தார். மூவருக்குமே தெரியவில்லை, சாந்தி! இரண்டும் வேறு வேறு. நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓடு எவ்வளவு அழகாகச் சுருண்டிருக்கிறது. உடலில் முறுக்கம் கிடையாது. பாறையில் ஒட்டிக்கிடக்கும் தொப்பி ஓட்டு லிம்பெட்டுக்கு ஓட்டில் சுருளே இல்லை. உள்ளே உடல் முறுக்கியிருக்கிறது.

நடப்பது இதுதான். குஞ்சுப் பருவத்தில் தலையும் பாதமும் அப்படியே இருக்க, குடல், இதயம், சிறுநீரகம் அடங்கிய மேற்பகுதி மட்டும் 180 பாகை திரும்பிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி. ஈரத்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகுவோமே, அதுபோல. அபலோன் என்ற கடல் நத்தையில் ஒருபக்கத் தசை இழுத்து, பாதித் திருப்பம் சில மணி நேரத்தில் முடிகிறது. மீதிக்குப் பல நாட்கள். நம் சுவர் நத்தைக்கு எல்லாம் முட்டைக்குள்ளேயே ஆகிவிடும்.

பின்னால் இருக்க வேண்டிய ஆசனவாயும் செவுள் அறையும் இப்படித்தான் தலைக்கு மேலே வந்து உட்கார்கின்றன. குடல் நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுபோல் திரும்பி வருகிறது. பக்கத்துக்கு ஒன்றாக ஓடிய நரம்புகள் குறுக்கே மாறி 8 போடுகின்றன. (ஸ்கூட்டர் உரிமத்துக்கு நீ மூன்று முறை தோற்ற அதே எட்டு.) தரை நத்தைகளில் நரம்பு மையங்கள் தலைப்பக்கம் நெருங்கிவிட்டதால் அது தெரிவதில்லை. பல இனங்களில் ஒரு பக்கச் செவுளும் சிறுநீரகமும் அடியோடு போய்விட்டன.

தலையில் கழிவு கொட்டுவது யாருக்குத்தான் பிடிக்கும்? அபலோன் ஓட்டில் வரிசையாகத் துளை வைத்து அசுத்த நீரை வெளியேற்றுகிறது. நம் நத்தை வாசலை வலப்பக்கம் ஒதுக்கிக்கொண்டது.

எதற்கு இந்தப் பாடு? முறுக்கத்தால் குஞ்சு தலையை முதலில் ஓட்டுக்குள் இழுத்துத் தப்பிக்கலாம் என்றார் வால்டர் கார்ஸ்டாங் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், 1928இல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1985இல் முறுக்கம் முடிந்த அபலோன் குஞ்சுகளையும் முடியாதவற்றையும் வேட்டை உயிரிகளிடம் விட்டுச் சோதித்தார்கள். முறுக்கத்தால் பிழைத்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பயன் தேடுவது நம்மைப் போன்ற வாத்தியார் புத்தி என்று எனக்குத் தோன்றுகிறது.

பேரன் பாதி கேட்டான், பாதி சிரித்தான். வாளியில் போட்ட நத்தைகளில் அந்த ஒன்றை மட்டும் தரமாட்டேன் என்று, தகர டப்பாவில் முட்டைக்கோஸ் இலையோடு வளர்க்கிறான்.

கல்லூரிச் சுற்றுலாவில் பாம்பனில் நீ பொறுக்கிய தொப்பி ஓடு இன்னும் இருக்கிறதா? இருந்தால் எடுத்து வா, அவனுக்குக் காட்ட வேண்டும். சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடு. 20 வளைவுக்கும் சேர்த்து எலுமிச்சம்பழம் மறக்காதே.

உன்,
வசந்தா