சால்வையோடு ஒரு கடிதம்

ஹார்ட்ஃபோர்ட் அருகே, கனெக்டிகட்
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மா, கால் எப்படி இருக்கிறது? வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு அடுப்படி வரைக்கும் நடந்து பார்த்தீர்களாம், அப்பா சொன்னார். டாக்டர் சொல்லும்வரை அது வேண்டாம்.

இந்தப் பார்சலைப் பிரித்ததும் மேலாக ஒரு நீலச் சால்வை இருக்கும். அதை யார் பின்னினார்கள், எதற்காகப் பின்னினார்கள் என்று போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். அப்பா சத்தமாக வாசிக்கட்டும். நீங்கள் சால்வையை மடியில் போட்டுக்கொண்டு கேளுங்கள்.

நாங்கள் வந்த புதிதில் ஞாயிறுதோறும் நீங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்கே உங்களை விசாரிக்க ஆள் உண்டா?" சாப்பாடு, குளிர், சம்பளம் எல்லாம் அதற்கு அப்புறம். நானும் "உண்டு, உண்டு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அப்போது அது உண்மையில்லை அம்மா. முதல் எட்டு மாதம் ஒரு பெரிய கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாட்டு அருமையாக இருக்கும், பிரசங்கமும் குறை சொல்ல முடியாது. ஆராதனை முடிந்தால் அவரவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எட்டு மாதத்தில் ஒருவரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. பனியில் வீட்டுக்குத் திரும்பும்போது உங்கள் மருமகனும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். பிள்ளை பின்சீட்டில் தூங்கிவிடுவான்.

அப்புறம்தான் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, சிவப்புக் கதவு போட்ட ஒரு சின்னக் கற்கோயில் கண்ணில் பட்டது. வாசலில் "எபிஸ்கோபல் சபை உங்களை வரவேற்கிறது" என்று பலகை. எபிஸ்கோபல் என்றால் ஏதோ புதுக் கூட்டம் என்று அப்பா போனில் பயந்தீர்களே, நினைவிருக்கிறதா? அப்பா, அது நம் பழைய சொந்தம்தான். அமெரிக்கா விடுதலை வாங்கிய பிறகு, இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யாமல் அங்கே போய்ப் பேராயராக முடியவில்லை. அதனால் இந்தக் கனெக்டிகட் குருமார் தேர்ந்தெடுத்த சாமுவேல் சீபரி ஸ்காட்லாந்துக்குப் போய், 1784இல் அபர்டீனில் பேராயராக அபிஷேகம் பெற்று வந்தார். அமெரிக்காவின் முதல் எபிஸ்கோபல் பேராயர் அவர்தான். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேரும்வரை நம் திருநெல்வேலி அத்தியட்சாதீனமும் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த இதே ஆங்கிலிக்கன் குடும்பத்தில்தானே இருந்தது? இன்றைக்கு இரண்டு சபையும் மறுபடி அந்தக் குடும்பத்தில்தான் இருக்கின்றன.

முதல் நாள் உள்ளே போய் உட்கார்ந்தேன். திருவிருந்து ஆராதனையின் தொடக்கத்தில், எங்கள் இருதயங்களைச் சுத்திகரியும் என்று கேட்கிற ஜெபம் வந்தது. பாளையங்கோட்டையில் நான் சின்னப்பிள்ளையாக உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே ஜெபம், இங்கிலீஷில். என் வாய் தானாகத் தமிழில் சொன்னது. பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினார். சிவப்பு அட்டை போட்ட ஜெபப் புத்தகம், 1979இல் வந்த முறை. பாட்டுக்கு நீல அட்டைப் புத்தகம். அதில் பாதி ராகம் நம் பாமாலை ராகம்.

அந்த ஆராதனையின் நடுவில் சமாதானம் சொல்லும் இடம் வந்தது. நம் கோயிலில் குருவானவரான ஐயர் தொடங்கி, கைக்குக் கை, வரிசைக்கு வரிசையாக வருமே, அது. இங்கே எல்லோரும் இடத்தைவிட்டு எழுந்து நடந்துபோய்ச் சொல்கிறார்கள். கடைசி பெஞ்சில் இருந்த எங்களிடம் இருபது பேராவது வந்து கை கொடுத்திருப்பார்கள். பிள்ளையிடம் குனிந்து அவன் கையையும் பிடித்தார்கள். அப்புறம் ஒருநாள் எங்கள் குருவானவர் ஒரு விஷயம் சொன்னார். பல நூற்றாண்டுகளாக மேல்நாட்டுச் சபைகளில் ஜனங்கள் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுப்பது அநேகமாக வழக்கொழிந்து போயிருந்ததாம். 1950இல் நம் தென்னிந்தியத் திருச்சபை, கேரளத்துச் சிரியன் சபையாரிடமிருந்து எடுத்துத் தன் ஆராதனை முறையில் சேர்த்தது. அதைப் பார்த்து மற்ற சபைகளும் எடுத்துக்கொண்டன, இவர்களுடைய முறைக்கும் அது வழிகாட்டியாக இருந்தது என்றார். "நீ கொண்டுவந்ததைத்தான் நாங்கள் உனக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்" என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் கோயிலில் எத்தனை தடவை அந்தக் கையை நான் கவனமில்லாமல் வாங்கிக் கொடுத்திருப்பேன்!

குருவானவர் ஒரு அம்மா. ஐயரம்மா என்றால் ஐயர் வீட்டு அம்மா என்றுதான் நமக்குப் பழக்கம். இங்கே அம்மாவே ஐயர். இந்தச் சபையில் 1976இல் பெண்களுக்குக் குருப்பட்டம் என்று முடிவானது. நம் திருச்சபையிலும்தான் 2013இல் நந்தியாலில் ஒரு அம்மா பேராயரானார்களே. எனக்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. மருத்துவமனையில் யார் படுத்திருந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் இந்த அம்மா அங்கே இருப்பார்.

ஆராதனை முடிந்தால் யாரும் வீட்டுக்கு ஓடுவதில்லை. பக்கத்து ஹாலில் காபி வேளை. பெயர்தான் காபி, கேக், பழம், முட்டைப் பணியாரம் மாதிரி ஒன்று, சில நாள் சூப்பும் இருக்கும். சுவரில் ஒரு தாள் தொங்கும். எந்த வாரம் யார் பொறுப்பு என்று அவரவர் பெயரை எழுத வேண்டும். ஆறு வாரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏழாவது வாரம் எழுதினேன். நூறு மசால் வடையும் ஒரு பாத்திரம் கேசரியும். சனிக்கிழமை ராத்திரி உங்களுக்குப் போன் போட்டு, கடலைப்பருப்பு எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்று கேட்டேனே, அது இதற்குத்தான். ஒவ்வொரு பலகாரத்துக்கும் முன்னால், அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும், முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். கேசரியில் முந்திரி உண்டு என்று பெரிய எழுத்தில் எழுதினேன். பத்து நிமிஷத்தில் வடைத் தட்டு காலி. எண்பது வயது தாண்டிய ஒருவர், காலியான தட்டை என்னோடு நின்று கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

நம் கோயில் அசன விருந்துக்கு முந்தின ராத்திரி நினைவு வந்தது அம்மா. கோயில் பின்னால் பந்தலில் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்போமே, யார் வீட்டுச் சண்டையும் அந்த ராத்திரிக்குள் பாதி தீர்ந்துபோகும். இங்கே அவ்வளவு ஜனம் கிடையாது. ஞாயிறுக்கு எழுபது பேர் வந்தால் அதிகம். பாதிப்பேருக்கு மேல் தலை நரைத்தவர்கள். ஓய்வுநாள் பள்ளியில் என் பிள்ளையோடு சேர்த்து ஏழு பேர். வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். கூரை ஒழுகுகிறது, பணம் பற்றாக்குறை. வெஸ்ட்ரி என்று ஒரு கமிட்டி, நம் சேகரக் கமிட்டி மாதிரி. அதில் நிற்க ஆளைத் தேடிப் பிடிக்கிறார்கள். இவர்களுக்குப் பிறகு இந்தக் கோயிலை யார் பார்ப்பார்கள் என்று எனக்கு நிஜமாகவே கவலையாக இருக்கிறது. உங்கள் மருமகன் இந்த வருஷம் கமிட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

சரி, சால்வைக்கு வருகிறேன்.

நவம்பரில் நீங்கள் விழுந்த செய்தி வந்தது சனிக்கிழமை. விசா முத்திரை முடியாததால் என்னால் கிளம்ப முடியவில்லை. மறுநாள் கோயிலுக்குப் போகவே மனசில்லை, இவர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஜெப வேளையில் சுகவீனமாக இருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அன்றைக்கு வாசிக்க வேண்டிய பெரியவரிடம் உங்கள் பெயரைக் கொடுத்தேன். உங்கள் பெயரில்தான் ழகரம் இருக்கிறதே! "அம்மா என்று சொன்னால் போதும்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லி, கதவோரத்தில் என்னை நிறுத்தி, நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார். தாளில் தனக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டார். ஆராதனையில் அந்த இடம் வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். சரியாக வரவில்லைதான். ஆனால் அவர் அந்த எழுத்துக்காகப் பாடுபட்டது கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டது. அடுத்தடுத்த வாரங்களில் வேறு வேறு ஆட்கள் வாசித்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்.

அந்த வாரமே பின்னல் போடுகிற பெண்கள் என்னிடம் வந்தார்கள். வியாழக்கிழமைதோறும் கூடி, நோயாளிகளுக்கும் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஜெபித்துக்கொண்டே சால்வை பின்னுவார்கள். இந்த வழக்கம் 1998இல் இதே ஹார்ட்ஃபோர்டில், இறையியல் கல்லூரியில் பெண்களுக்கான படிப்பை முடித்த இரண்டு பேர் தொடங்கியது. இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். "உன் அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். நீலம் என்றேன். "அங்கே குளிர் எப்படி?" என்றார்கள். மே மாதம் நூறு டிகிரியைத் தாண்டும் என்றதும் கம்பளி நூலை எடுத்து வைத்துவிட்டுப் பருத்தி நூல் வாங்கி வந்தார்கள். மூன்று மூன்று கண்ணியாக எண்ணிப் பின்னுவது, திரித்துவத்தை நினைத்து. ஒரே ஆள் பின்னவில்லை. ஒருவர் வீட்டில் ஒரு வாரம், இன்னொருவர் வீட்டில் ஒரு வாரம் என்று கைமாறி வந்தது. ஒரு ஓரத்தில் நாலு வரிசை கொஞ்சம் தளர்வாக இருக்கும் பாருங்கள், அது நான் போட்டது. அதைப் பிரித்துச் சரியாகப் போடவா என்றதற்கு, உங்கள் அம்மா கண்டுபிடிக்கட்டும், அப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் சால்வையைத் திருமேசைக்கு முன்னால் விரித்தார்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் வந்து அதன்மேல் கை வைத்தார்கள். கை எட்டாதவர்கள் முன்னால் இருப்பவரின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். உங்கள் பேரன் முதல் ஆளாகப் போய் நடுவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள் அம்மா. ஃபேன் காற்று காலில் படும்போது போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் போதும்.

வருகிற செவ்வாய் இங்கே பான்கேக் விருந்து. லெந்து நோன்பு தொடங்குவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் பழைய வழக்கம் அது. சமையல் முழுக்க ஆண்கள். இவர் மாவு கரைக்கப் போகிறார். நான் தேங்காய்ச் சட்னி கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள்.

பதில் கடிதம் கட்டாயம் எழுதுங்கள். அப்பா எழுதட்டும், ஆனால் கீழே கையெழுத்து நீங்கள் போட வேண்டும், முழுப் பெயரையும், தமிழில். அந்தப் பெரியவர் மறக்காமல் கேட்டனுப்பினார். மூன்று மாதமாகச் சொல்லிப் பழகுகிற அந்த எழுத்து, உங்கள் கையில் எப்படி இருக்கும் என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம்.

உங்கள் அன்பு மகள்