மஞ்சள் அட்டை

அன்புள்ள வசந்தி,

பிள்ளைகள் சுகமா? அத்தைக்கு முட்டி வலி தேவலையா? நம்ம ‘பிரின்சிபால்’ சரோஜா பாட்டியாகிவிட்டாளாமே. இனி பேரனுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பாள்.

மனசு ஆறவில்லை, அதான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் எங்கள் கம்பெனி ரசிகர்களுக்கு நடத்தும் திருவிழா. புது கேமை விளையாட வைக்கும் ஸ்டாலில் என்னை நிறுத்தினார்கள். அதை மாதக்கணக்கில் டெஸ்ட் பண்ணியவர்கள் நாங்கள்தானே. எங்கே சிக்கும், எங்கே தொங்கும் என்பது எங்களுக்கு அத்துப்படி. ஆனால் நான் ஏஜென்சி மூலம் வந்த காண்ட்ராக்ட் ஆள். கழுத்தில் மஞ்சள் அட்டை. பக்கத்தில் நின்ற பையனுக்கு நீலம். அவனுக்கு எதிர் ஹோட்டலில் ரூம், நான் ராத்திரி வண்டி ஓட்டி வீட்டுக்கு வரவேண்டும். மத்தியானம் ஸ்டாஃப் சாப்பாட்டு அறைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். செக்யூரிட்டி என் அட்டையைப் பார்த்ததும் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். இருவருக்கும் ஒரே சட்டை, முதுகில் ஒரே கேம் பெயர்!

சாயங்காலம் ஒரு சின்னப் பெண் போஸ்டரை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். “கேம் முடியும்போது உங்கள் பேர் வருமா?” என்றாள். வராது, வசந்தி. ஏஜென்சி ஆட்கள் பேரைப் போடுவதில்லை.

மேனேஜர் நல்ல மனுஷி. கேட்டதற்கு, “வக்கீல்கள் சொல்கிறபடிதான் நடக்கிறோம்” என்றாள். அதுதான் என்னைக் குடைகிறது. மைக்ரோசாஃப்ட்டில் வருஷக்கணக்காக ‘தற்காலிகமாக’ உழைத்தவர்கள், நாங்களும் ஊழியர்கள்தான் என்று விஸ்கைனோ வழக்கில் போராடி, 2000-இல் 9 கோடியே 70 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. அதற்கப்புறம் பல கம்பெனிகள் உஷாராகிவிட்டன. காண்ட்ராக்ட் ஆள் ஊழியர் மாதிரித் தெரியக்கூடாதாம். அதனால்தான் தனி நிற அட்டை, பார்ட்டிக்கு அழைப்பில்லை, பரிசு இல்லை. நியாயம் கேட்டு ஜெயித்ததற்கு இப்படியொரு பலன்.

மனசிருந்தால் மாற்ற முடியாதா என்ன? 2022 ஏப்ரலில் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற கேம் கம்பெனி சுமார் 1,100 டெஸ்டர்களை நிரந்தரமாக்கி, மணிக்குக் குறைந்தது 20 டாலர் என்று அறிவித்தது. அதிலும் யூனியன் கேட்டுக்கொண்டிருந்த, அதே கம்பெனியின் ரேவன் ஸ்டுடியோ டெஸ்டர்களுக்கு அந்த உயர்வு கிடையாது என்றார்கள்!

மஞ்சள் அட்டைக்காரர்கள் சேர்ந்து, எங்கள் பேரையும் போடச்சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஏஜென்சி அடுத்த வருஷம் கூப்பிடாமல் போகலாம், போகட்டும்.

நீ இப்போது ஹெச்.ஆர். மேடம். உங்கள் ஃபேக்டரி கேன்டீனில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் அதே சாப்பாடுதானா, இல்லை தனி வரிசையா? மழுப்பாமல் எழுதுடி.

உன்,
மீனா