ஒரு இஞ்சு கூடிப் போனது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு 31 வருடமாக ஜாக்கெட் தைத்து வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேருக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனி மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் கூட்டல் குறி போட்ட குயில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, தைப்பது எப்படி என்று ஒரு பக்கம் வந்தது. அதில் அச்சான ஓர் அளவு தப்பு. அதைத் திருத்திப் போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வழக்கமாக நாம் பார்க்கும் ஒட்டுத்துணிப் போர்வையில் பூவும் கோடுமாகப் பல துணி கலந்திருக்கும். இதில் பூப்போட்ட துணியே கிடையாது. ஒவ்வொரு துணியும் முழுக்க ஒரே நிறம். ஒரு கூட்டல் குறிக்கு ஐந்து சதுரம், பக்கத்துக் கூட்டல் வேறு நிறம், நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்திருக்கிறது. படத்தை வெட்டி மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அந்த வாரமே என் மாணவிகளுக்கும் காட்டினேன். கைக்குழந்தைக்குப் பழைய சேலையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டு விரிப்பு செய்வது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். அதனால் அவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது.

சரி, தப்பு எங்கே என்று சொல்கிறேன். சதுரம் 4½ இஞ்சு வெட்டச் சொல்லியிருந்தீர்கள். அது சரி. நாலு பக்கமும் கால் இஞ்சு தையலுக்குள் போனால் 4 இஞ்சு நிற்கும். வேலையைக் குறைக்க, கூட்டலின் குறுக்கே வரும் மூன்று சதுரத்தையும் தனித்தனியாக வெட்டாமல் ஒரே பட்டையாக வெட்டலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவும் நல்ல யோசனை. ஆனால் அந்தப் பட்டையின் நீளம் 13½ இஞ்சு என்று அச்சாகியிருந்தது. 4½ஐ மூன்றால் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். ஒரே பட்டைக்குள் தையலே கிடையாதே! தையலுக்கு விடுவது இரண்டு முனையில் மட்டும்தான். மூன்று நாலு 12, இரண்டு முனைக்கும் சேர்த்து அரை இஞ்சு. ஆக 12½. ஓரத்தில் கூட்டல் வெட்டுப்பட்டு இரண்டு கட்டம் மட்டும் வரும் இடத்துக்கு 9 இஞ்சு போட்டிருந்ததும் இதே தப்புதான். அது 8½ ஆக இருக்க வேண்டும்.

ஒரு இஞ்சுதானே என்று தோன்றும். என் வகுப்பில் மூன்று பேர் அந்த அளவை நம்பி வெட்டிவிட்டார்கள். அதில் ஒருத்தி பகலெல்லாம் பீடி சுற்றி, ராத்திரி தைக்கிறவள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு கொடுக்கும் இலவச தையல் மெஷின்தான் அவளிடம் இருப்பது. முதல் இரண்டு வரிசையைத் தைத்துக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். “எக்கா, இது ஒண்ணோட ஒண்ணு சேரமாட்டேங்கு பாருங்க” என்றாள். ஒரு வரிசையில் மூன்று பட்டை முழுசாக வருகிறது, அடுத்த வரிசையில் இரண்டுதான் வருகிறது. பட்டைக்கு ஒரு இஞ்சு வீதம் ஒரு வரிசை மற்றதைவிட நீண்டு தொங்குகிறது. தன் கை நேராக ஓடவில்லை என்று நினைத்து இரண்டு தடவை பிரித்துத் தைத்திருக்கிறாள். பிரித்த இடமெல்லாம் துணி ஊசித் துளையாக நைந்து கிடந்தது. ஸ்கேலை வைத்து அளந்து பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது. நானும் அந்த அளவைச் சரிபார்க்காமல்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

காசுக் கணக்கும் இருக்கிறது. சரியான அளவில் ஒரு கூட்டலுக்கு 12½ இஞ்சுப் பட்டை ஒன்று, 4½ இஞ்சுச் சதுரம் இரண்டு, மொத்தம் 21½ இஞ்சு. 44 இஞ்சு அகலத் துணியில் குறுக்கே 4½ இஞ்சு அகலத்தில் ஒரு நீளப் பட்டை நறுக்கினால் 43 இஞ்சில் இரண்டு கூட்டல் கச்சிதமாக வந்துவிடும். கால் மீட்டர் வாங்கினால் அப்படி இரண்டு பட்டை, அதாவது நாலு கூட்டல். தப்பான அளவில் ஒரு கூட்டல் 22½ ஆகிறது. இரண்டுக்கு 45. துணியோ 44. அவ்வளவுதான், ஒரு நீளப் பட்டையில் இரண்டாவது கூட்டல் முழுசாக வராது, துணி கூடுதலாக வேண்டும். அவள் பச்சை போதாமல் நெல்லை டவுன் ரத வீதிக்கு மறுபடியும் பஸ் ஏறிப் போனாள். அதே பச்சை கிடைக்கவில்லை. வேறு சாயத்தில் வந்த பச்சையை வாங்கி வந்தாள். பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிகிறது.

நான் தைத்தது குறுக்கே 12 கட்டம், நெடுக்கே 16 கட்டம். முடிந்தால் 48க்கு 64 இஞ்சு. மொத்தம் 192 கட்டத்தில் முழுக் கூட்டல் 28 வரும். ஏழு நிறம், நிறத்துக்கு நாலு. ஓரத்தில் அரைகுறையாக வெட்டுப்படும் 52 கட்டத்துக்கும் வெளிர் சந்தன நிறம் வைத்தேன். அப்படி வைத்ததும் கூட்டல்கள் எல்லாம் வெறும் துணியில் மிதக்கிற மாதிரி வந்தது. உங்கள் படத்தைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அடுக்கும் முறையையும் திருத்தத்தோடு சேர்த்துப் போட்டால் நல்லது. படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்குவது கண்ணைக் கட்டும். ஒரு வரிசையில் ஒரு நிறம் மூன்று கட்டம், அடுத்த நிறம் ஒன்று, அதற்கடுத்த நிறம் ஒன்று, மறுபடி மூன்று. மூன்று, ஒன்று, ஒன்று. அடுத்த வரிசையும் அதே கணக்குதான், ஆனால் இரண்டு கட்டம் தள்ளி ஆரம்பிக்கும். கடைசி வரைக்கும் ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். இதைச் சொன்னதும் பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளை படத்தைப் பார்க்காமலே தரையில் முழுசையும் அடுக்கிவிட்டது.

பட்டையாக வெட்டுவதில் ஒரு சிக்கலும் உண்டு. மேல் வரிசைத் தையலும் கீழ் வரிசைத் தையலும் ஐந்து கட்டத்துக்கு ஒரு இடத்தில் மட்டும்தான் நேருக்கு நேர் சந்திக்கும். மற்ற இடத்தில் பிடித்துக்கொள்ள அடையாளம் இருக்காது, கூட்டலின் தலை ஒரு பக்கம் நகர்ந்து போகும். அதனால் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு முனையிலிருந்தும் 4¼ இஞ்சில் சாக்கால் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறேன். மேலே வரும் சதுரத்தின் தையல் அந்தப் புள்ளியில் வந்து உட்கார வேண்டும்.

ஜாக்கெட் தைக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பின்னால் பிரித்து விடுவதற்காக உள்ளே ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு விட்டே பழகியவர்கள். அரை நூல் (ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) ஏறினாலும் இறங்கினாலும் உடம்பில் தெரியாது. இங்கே தெரியும். 16 வரிசையை இணைக்க 15 தையல். அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் இரண்டு பக்கத் துணியும் சேர்த்துத் தையலுக்கு ஒரு நூல், மொத்தம் 15 நூல், கிட்டத்தட்ட 2 இஞ்சு காணாமல் போகும். ஊசியிலிருந்து சரியாகக் கால் இஞ்சு தள்ளி மெஷின் தகட்டில் கரண்ட் வேலைக்காரர்கள் ஒட்டும் கறுப்பு டேப்பை ஒட்டிவைத்தேன். அதை ஒட்டியே துணி போக வேண்டும். முதலில் 2½ இஞ்சுத் துண்டு இரண்டைச் சேர்த்துத் தைத்து, அயர்ன் செய்து அளந்தால் 4½ வர வேண்டும். அது வராமல் ஒரு கட்டத்தைக்கூடத் தைக்காதீர்கள்.

துணியை நனைப்பது பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஃபால்ஸையும் லைனிங்கையும் நனைத்துக் காயப்போடாமல் நாம் தைப்போமா? சிவப்பு பாப்ளினை வெந்நீரில் ஊறவைத்தேன், வாளித் தண்ணீர் குங்குமமாகிவிட்டது. நாலாவது அலசலில்தான் தெளிந்தது. அதை அப்படியே சந்தன நிறத்துக்குப் பக்கத்தில் தைத்திருந்தால் முதல் சலவையிலேயே ரோஸ் படிந்திருக்கும்.

நடுவில் வைக்கும் பஞ்சைப் பற்றி: கடையில் விற்கிற பாலியஸ்டர் ஷீட்டை வைக்கச் சொல்லியிருந்தீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அதைப் போர்த்திக்கொள்ள முடியாது. இலவம்பஞ்சு வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். இலவம்பஞ்சு வழுக்கும் பஞ்சு, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளாது. தலையணைக்குச் சரி, இதற்குள் வைத்தால் நாலு மாதத்தில் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். நான் வைத்தது வேட்டி. எங்கள் மாமனார் உடுத்திய எட்டு முழ வேட்டி பீரோவில் இருந்தது. அவர் போன பிறகு வீட்டில் எல்லோரும் சாரம் (லுங்கி)தான் கட்டுகிறார்கள், எட்டு முழம் உடுத்த ஆள் இல்லை. பாதியாக மடித்தால் கிட்டத்தட்ட 70க்கு 50 இஞ்சு, போர்வைக்கு அளவெடுத்த மாதிரி. கரை இரண்டும் வெளியே நின்றுவிடும், கடைசியில் நறுக்கிவிடலாம். இரண்டு வேட்டியை மடித்து நாலு மடிப்பு வைத்தேன். நூறு தடவை ஆற்றில் துவைத்த துணி, இனிமேல் சுருங்க அதில் ஒன்றும் இல்லை. விரித்தபோது இடுப்பில் செருகும் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி நைந்திருந்தது. அந்த இடத்தில் வேறொரு துண்டை வைத்துக் கையால் கட்டினேன். வெளியே தெரியாது. எனக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அடியில் அகலக் காடா, நாலு பக்கமும் 2 இஞ்சு கூடுதலாக, சிமெண்ட் தரையில் சுருக்கமில்லாமல் இழுத்து டேப் ஒட்டினேன். மேலே வேட்டி, அதற்கு மேலே கூட்டல். ஆடிக் காற்று அடிக்கிற நேரம், ஜன்னலைச் சாத்தாமல் விட்டதில் ஒரு தடவை மொத்தமும் தூக்கிக்கொண்டது. மறுபடி விரித்து, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி ஊக்கு குத்தினேன். வரிசைக்கு இரண்டு கோடு வீதம் குறுக்கே 32 நேர்கோடு, கோட்டுக்குக் கோடு 2 இஞ்சு. மேல்துணியையும் சேர்த்து இழுக்கும் வாக்கிங் ஃபுட் என்னிடம் கிடையாது. அதற்குப் பதிலாக மெஷின் காலின் அழுத்தத் திருகைத் தளர்த்தி, இஞ்சுக்கு 8 தையல் வருகிற மாதிரி பெரிய தையலாக வைத்து, நடு வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். பாயைச் சுருட்டுவது போல இரண்டு பக்கமும் சுருட்டிக்கொண்டால்தான் மெஷின் கைக்குள் போகும். என்னுடையது பழைய உஷா மிதி மெஷின். ஒரு கோடு முடிக்கும் முன்னால் தோள் வலிக்க ஆரம்பிக்கும். ஒரே நாளில் முடிக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தது நடக்காத காரியம். எனக்கு ஏழு சனிக்கிழமையும் இடையில் பல ராத்திரியும் ஆனது.

ஓரப் பட்டிக்கு நான் பழக்க தோஷத்தில் கழுத்துக்கு வெட்டுகிற மாதிரி துணியைச் சாய்வாக நறுக்கி கிராஸ் பீஸ் வெட்டினேன். தேவையே இல்லை. நேரான ஓரத்துக்கு நேர் பட்டையே போதும், கிராஸ் பீஸ் இழுபட்டு ஓரம் அலை அடிக்கும். 2½ இஞ்சுப் பட்டை ஆறு, 40 சென்டிமீட்டர் துணியில் வந்துவிடும். மெஷினில் முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்தேன்.

என் அத்தை இடையன்குடிப் பக்கம். கால்டுவெல்லின் மனைவி எலைசா அம்மையார் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்த ஊர் அது. திண்டின் மேல் ஊசியால் குத்தி வைத்த அட்டையைப் பார்த்துத்தான் லேஸ் பின்னுவார்கள். அட்டையில் ஒரு குத்து தள்ளியிருந்தால், அதைப் பார்த்துப் பின்னுகிற அத்தனை பேருடைய பூவும் கோணும் என்று அத்தை சொல்வார்கள். உங்கள் இணைப்புப் பக்கமும் எங்களுக்கு அந்த அட்டை மாதிரிதான். எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதனால் அடுத்த ஞாயிறே, அதே பக்கத்தில், கண்ணில் படுகிற மாதிரி கட்டம் கட்டித் திருத்தம் போடுங்கள். பட்டை 12½, ஓரத் துண்டு 8½. ஏற்கெனவே வெட்டியவர்கள் பயப்பட வேண்டாம் என்றும் போடுங்கள். பட்டையின் ஒரு முனையில் 1 இஞ்சும், ஓரத் துண்டில் அரை இஞ்சும் நறுக்கினால் போதும், துணி வீணாகாது. வரிசையாகத் தைத்துவிட்டவர்கள் மட்டும் பிரித்தே ஆக வேண்டும். இழுத்துப் பிரிக்காமல், மூன்று தையலுக்கு ஒன்றை நறுக்கி, மறுபக்க நூலை உருவச் சொல்லுங்கள்.

இந்த உறையில் ஒரே ஒரு கூட்டலைத் தைத்து வைத்திருக்கிறேன். மிச்சமிருந்த அந்தப் பச்சைத் துணிதான். ஸ்கேலை வைத்துக் குறுக்கே அளந்து பாருங்கள், 12½. மேலிருந்து கீழே அளந்து பாருங்கள், அதுவும் 12½.

இப்படிக்கு,
தையல் சொல்லிக்கொடுக்கும் வாசகி,
அம்பாசமுத்திரம்.