ரயில் நிலையத்தில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு

தம்பியும் நானும் பத்திரமாக இருக்கிறோம். ஒரே வீட்டில், ஒரே அறையில். எங்களைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் கிளம்பினோம். மற்றதை எழுத இன்னும் கை வரவில்லை.

தேடி அலைந்தவர்கள், முட்டி போட்டு உட்கார்ந்து தம்பியிடம் பேசிய பெண் காவலர், இரண்டு பேரையும் ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற அதிகாரி, எல்லோருக்கும் நன்றி. எங்கள் படத்தைப் பகிர்ந்தவர்களுக்கும் நன்றி. கிடைத்துவிட்டோம், இனி அதை நீக்கிவிடுங்கள். அவன் வளர்ந்த பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்களும் எங்களை யார், எவர் என்று கேட்கவில்லை. "ஏன் கண்ணு, தூக்கம் வரலையா?" என்று அவனிடம் மட்டும் கேட்டீர்கள். "தூங்கினா அம்மா மாதிரி எழுந்திருக்கவே மாட்டேன்" என்றான். அவனுக்கு 6 வயது. அம்மா தூங்குறாங்க என்று அவனிடம் சொன்னவள் நான். அழாமல் இருக்கட்டுமே என்றுதான் சொன்னேன். இரண்டு ராத்திரியாக அவன் ஏன் விழித்தே கிடந்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். தலையசைத்தேன். "அம்மா தூங்கல கண்ணு, இறந்துட்டாங்க. தூங்குறவங்களுக்கு மூச்சு ஓடும். இறந்தவங்களுக்கு ஓடாது" என்றீர்கள். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, அவன் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்தீர்கள். "அக்கா தூங்கட்டும், நீ எண்ணு." எண்ணினான். நாற்பதைத் தாண்டியதும் அவன் குரல் நின்றுவிட்டது. பயந்து கண்ணைத் திறந்தேன். தூங்கியிருந்தான்.

அப்புறம் என்னிடம், "உனக்குத் தெரியாம யாரையும் கூப்பிட மாட்டேன். ஆனா கூப்பிடாமலும் விட மாட்டேன்மா" என்றீர்கள். அன்று கோபம் வந்தது. நீங்கள் ஒளிக்காமல் சொன்னதால்தான் எழுந்து ஓடாமல் அங்கேயே இருந்தேன்.

இந்த வயதுக் குழந்தைக்குச் சாவு திரும்பி வராதது என்று ஒரே தடவையில் புரியாதாம், திரும்பத் திரும்பக் கேட்பானாம். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதிலைச் சொல்லு என்றார் ஆலோசகர். இனி அவனிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் சொன்னேன். பிறகு என் நெஞ்சில் கையை வைத்து எண்ண ஆரம்பித்தான்.