ரயில்பஸ்ஸோடு சாமான் பெட்டியையும் ஓட்டுங்கள்

ஜெர்மனியின் கிளைப்பாதைகளில் ஓடிய பழைய ரயில்பஸ்களை (பஸ் போலக் கட்டி, தண்டவாளத்தில் ஓடவிட்ட சிறு மோட்டார் வண்டிகளை) உடைப்புக்குப் போகாமல் காப்பாற்றி, விடுமுறை நாட்களில் ஓட்டிக் காட்டும் ஆர்வலர் சங்கங்களுக்கு,

வணக்கம். இந்த மடல் தமிழில் இருப்பதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. உங்கள் வண்டிகள் எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் மொழி தெரியாது. யாராவது மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள், அதுவரை எங்கள் பக்கத்து ரயில் பைத்தியங்கள் படிக்கட்டும்.

கேட்க வந்தது ஒன்றுதான். ரயில்பஸ் என்றதும் எஞ்சின், கியர், குதிரைத்திறன் என்று ஆரம்பித்துவிடுகிறோம். நானும் அந்த ஆள்தான். ஆனால் அந்த வண்டிகளில் சாமான் எங்கே போனது என்பதையும் கொஞ்சம் காட்டுங்கள். முக்கியமாக விபி 141 என்ற ஒற்றை அச்சு லக்கேஜ் பெட்டியை.

நீராவிக் காலத்துக் கிளைப்பாதை ரயிலில் எஞ்சினுக்கு அடுத்து லக்கேஜ் வேன் நிற்பது வழக்கம். கார்டுக்கு இடம் அதில்தான். பார்சல், சைக்கிள், பெட்டி படுக்கை எல்லாம் அதில்தான். மோதல் நடந்தால் முதல் அடியை வாங்கிக்கொண்டு பயணிகளைக் காப்பதும் அதன் வேலை. அப்புறம் செலவைக் குறைக்க மோட்டார் வண்டி வந்தது. எஞ்சினும் போனது, லக்கேஜ் வேனும் போனது. ஆனால் சந்தைக்குப் போகிறவர் கையில் இருந்த மூட்டை மட்டும் அப்படியே இருந்தது.

விஸ்மார் தொழிற்சாலை 1932-ல் இதற்கு ஒரு வழி கண்டது. ஹனோவர் பகுதியின் சின்னச் சின்ன ரயில் கம்பெனிகளுக்காக உருவான ரயில்பஸ் அது. முன்னால் ஒரு ஃபோர்டு எஞ்சின், பின்னால் ஒரு ஃபோர்டு எஞ்சின். எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின் இழுக்கும், மற்றது சும்மா வரும். கடைசி ஸ்டேஷனில் வண்டியைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை. இரண்டு முனையிலும் பானெட் நீட்டிக்கொண்டிருந்ததால் ஊர்க்காரர்கள் அதற்குப் ‘பன்றி மூக்கு’ என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த மூக்கின் இரண்டு பக்கமும்தான். பானெட்டை விட வண்டியின் உடம்பு அகலம். அதனால் இரு ஓரத்திலும் இடம் மிச்சம். சில வண்டிகளில் அந்த இடத்தை வீணாக்காமல் கம்பித் தட்டு அடித்து சாமான் ஏற்றினார்கள். ஓட்டுநருக்கு எதிரே பாதையும் தெரியும், பக்கத்தில் யாருடைய மூட்டையோ ஆடுவதும் தெரியும்! 1940-ல் கட்டிய ஒன்று போர்க்கும் தீவிலும், 1933-ல் கட்டிய ஒன்று புரூக்ஹவுசன்-ஃபில்சன் ஊரிலும் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றியவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

போருக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். கையில் காசில்லை, கிளைப்பாதைகளிலோ நஷ்டம். 1950-ல் ஊர்டிங்கன் தொழிற்சாலையிலிருந்து விடி 95 என்ற ரயில்பஸ்ஸின் முதல் வண்டிகள் வந்தன. வண்டித் தரைக்கு அடியில் ப்யூசிங் கம்பெனியின் டீசல் எஞ்சின், பஸ்ஸில் இருப்பது போலக் கியர், எடை குறைந்த உடம்பு, மொத்தம் இரண்டே அச்சு. அச்சுகளுக்கு நடுவே 4.5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று விதி இருந்தது. விசேஷ அனுமதி வாங்கி 6 மீட்டர் வைத்து ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள், சரியாக வந்தது. தொடர்ந்து கட்டிய 500-க்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு அதே அளவுதான்.

எடையைக் குறைத்ததற்கு ஒரு விலை இருந்தது. பெட்டிகள் இடிக்காமல் தாங்கும் வழக்கமான பஃபரும் இல்லை, கொக்கி இணைப்பும் இல்லை. அதனால் சாதாரண லக்கேஜ் வேனைப் பின்னால் மாட்ட முடியாது. மாட்டினாலும் அந்த ஒற்றை எஞ்சினுக்கு அது பாரம். இந்த இக்கட்டில் பிறந்ததுதான் விபி 141. தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கு ஒரே ஒரு அச்சு, அதாவது இரண்டே சக்கரம்! நம் மாட்டு வண்டியின் கணக்குதான் இதுவும். மாட்டை அவிழ்த்தால் அது எப்படித் தலை சாய்க்குமோ, அப்படி இதுவும் முன்னால் உள்ள ரயில்பஸ்ஸைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து நிற்கும். சைக்கிளும் பெட்டிகளும் அதில் ஏறின, பயணிகளுக்கு வண்டிக்குள் கால் வைக்க இடம் கிடைத்தது.

இதை அழகான வடிவமைப்பு என்று சொல்ல வரவில்லை. தனியாக நிற்க முடியாத ஒன்றை யார்டில் வைத்துக்கொண்டு மாரடித்தவர்கள் நிச்சயம் திட்டியிருப்பார்கள். 1955-லிருந்து வரிசையாகக் கட்டிய விடி 98 என்ற அடுத்த ரயில்பஸ் இரண்டு எஞ்சினோடும் முறையான பஃபரோடும் வந்தது. அதனால் சாதாரணப் பெட்டியையும் இழுக்க முடிந்தது. அதன் இணைப்புப் பெட்டிகள் சிலவற்றில் தனிச் சாமான் அறையே வைத்தார்கள். அந்த வண்டிக்கு ஒற்றை அச்சுக்காரன் தேவைப்படவில்லை. ஆனாலும், விதியையும் பணத்தையும் எடையையும் ஒரே நேரத்தில் சமாளிக்க எவ்வளவு தூரம் யோசித்தார்கள் என்பதை விடி 95-ஐ விட இந்தக் குட்டிப் பெட்டிதான் நன்றாகச் சொல்கிறது. ரயில்பஸ்ஸைக் ‘கிளைப்பாதைகளை மீட்டவன்’ என்று புகழ்கிறீர்கள். நியாயம்தான். அந்த மீட்பில் சைக்கிளோடு வந்த பயணியை விட்டுவிடாமல் ஏற்றிக்கொண்ட பங்கு இதற்கும் உண்டு.

ஆகவே, உங்களில் யாரிடமாவது இந்தப் பெட்டி ஷெட்டின் மூலையில் இருந்தால் வெளியே எடுங்கள். இல்லாதவர்கள் ஒன்று கட்டிப் பாருங்கள், எஞ்சின் கட்டும் அளவுக்குச் செலவாகாது. விஸ்மார் வண்டி வைத்திருப்பவர்கள் கம்பித் தட்டைக் காலியாக விடாமல் இரண்டு கூடையும் ஒரு பழைய சூட்கேஸும் கட்டி ஓட்டுங்கள், குழந்தைகள் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். ஏற்கெனவே இதையெல்லாம் செய்கிறவர்கள் மன்னிக்கவும், இந்த மடல் உங்களுக்கு இல்லை.

சாமான் பெட்டியோடு ஓடும் நாள் எது என்று கால அட்டவணையில் ஒரு வரி போட்டுவிடுங்கள். டிக்கெட் எடுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரயில் ரசிகன்