காதுக்காக ஒரு மண்டபம் கட்டுங்கள்

புதிய கலைமண்டபத்தைத் திட்டமிடும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

கடந்த மாரியில் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஆடிய கூத்து எப்படிக் குழம்பியது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலர் முன்வரிசையில் இருந்தீர்கள். புதிய மண்டபத்துக்கான வரைபடத்திலும் அதே நீள்சதுரப் பெட்டியும் தகரக் கூரையும் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணகி வழக்குரைக்க வந்த நேரத்தில் மழை பிடித்தது. தகரத்தின் இரைச்சலில் மத்தளம் அமுங்கிப்போயிற்று. ஒலிவாங்கியைக் கூட்டினார்கள், அது கீச்சிட்டது. சீமெந்துச் சுவரில் பட்டுத் திரும்பிய குரல் அடுத்த சொல்லின் மேலேயே விழுந்தது. பாட்டுக் கேட்காமல், கண்ணகியாக ஆடிய பிள்ளையின் வாயசைவைப் பார்த்துப் பார்த்து, கூத்துப் பழக்கிய ஆசானான அண்ணாவியார் மத்தளம் அடித்தார். பிற்பாட்டுப் பாடிய நாங்கள் ஓர் அடி பிந்தினோம். பின்னால் இருந்த ஆச்சிமார் எழுந்து வந்து மேடைக்குக் கீழே வெறுந்தரையில் குந்தினார்கள். மாதக்கணக்காகப் பழகிய பிள்ளையின் பாட்டு ஒருவர் காதிலும் முழுதாக விழவில்லை.

எங்களுக்கு வேண்டியது காதுக்காகக் கட்டிய ஒரு மண்டபம்.

ஜேர்மனியின் ஹம்பர்க் துறைமுகத்தில் பழைய கொக்கோப் பண்டகசாலையின் மேல் எழுப்பி 2017இல் திறந்த எல்ப்ஃபில்ஹார்மனி என்ற இசையரங்கு இன்று அந்த நகரத்தின் அடையாளம். அதன் பெரிய மண்டபத்தின் 2,100 இருக்கைகளில் ஒன்றுகூட இசை நடத்துநரிடமிருந்து 30 மீற்றருக்கு அப்பால் இல்லை. ஒலியைச் சிதறவிட்டுப் பரப்புவதற்கென்றே குடைந்த ஏறத்தாழ 10,000 பலகைகள் உள்ளே பதிக்கப்பட்டிருக்கின்றன. பெர்லினில் ஹான்ஸ் ஷரூன் வடிவமைத்து 1963இல் திறந்த அரங்கிலோ இசைக்குழுவைச் சுற்றி நாற்புறமும் மக்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவை நாங்கள் கேட்கவில்லை. ஆனால் சுற்றியிருந்து பார்ப்பது வட்டக்களரியில் கூத்தாடிய எங்களுக்குப் புதிதல்லவே! மேடையை ஒரு சுவரோடு ஒட்டிவைத்து எங்கள் ஆட்டத்தை ஏன் ஒருபக்கமாக்குகிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் இந்திய நிதியுதவியில் எழுந்து 2023இல் கையளிக்கப்பட்ட பண்பாட்டு மையத்தைக் கண்டு மகிழ்ந்தோம். அங்கே போய்ப் பாருங்கள் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதி நிகழ்ச்சியில் எழும்ப வேண்டியவர்கள் நாங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று விருந்தினர் உரைகள் முடியும்வரை ஒப்பனையோடு பிள்ளைகள் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். உரைகள் முடிந்தன, மழையும் வந்துவிட்டது. ஒவ்வொரு மண்டபத்திலும் பெயர்க்கல்லுக்கு நல்ல இடம் கிடைக்கிறது. ஒப்பனை அறைக்கு இடமிருப்பதில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க. வரைபடத்தைத் திருத்துங்கள். ஒலியியல் தெரிந்த ஒரு பொறியியலாளரையும் இந்த மாவட்டத்து அண்ணாவிமாரையும் ஒரே மேசையில் இருத்துங்கள். நேர்நேரே நிற்கும் வெறும் சீமெந்துச் சுவர்கள் வேண்டாம். தகரம்தான் கட்டுப்படியாகும் என்றால், அதன் கீழே மழையிரைச்சலைத் தடுக்கும் உட்கூரையை முதற் செலவிலேயே சேருங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டது எதுவும் இங்கே பிறகு நடந்ததில்லை. அடிக்கல் நாட்ட நாள் குறிக்குமுன் எங்களை அழைத்து வரைபடத்தைக் காட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்துப் பிற்பாட்டுக்காரர் ஒருவர்